கிறுக்கிய புரோகிராம்தான் வேண்டும்: வெம்ப்ளி லயன்ஸ் பழைய புத்தகக் கட்டு வாங்கிய கதை

முதலில் என்ன வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். வெம்ப்ளி லயன்ஸ் என்ற ஸ்பீட்வே (மோட்டார் சைக்கிள் பந்தய) அணியின் பழைய போட்டிப் புரோகிராம்கள், அதாவது அன்றைய ஓட்டப் பட்டியலை அச்சடித்த சின்னப் புத்தகங்கள், மொத்தம் 12, ஒரே கட்டாக இணைய ஏலத்தில் எடுத்தது. விலை 64 பவுண்ட், தபால் செலவு தனியாக 5. 1946 முதல் 1953 வரைக்குமானவை 11, மிச்சம் ஒன்று 1970-ஐச் சேர்ந்தது. பார்சலைப் பிரித்து மேசையில் பரப்பியதும் வீட்டில் வந்த முதல் கேள்வி: "ஏங்க, பழைய பேப்பரைப் போட்டு எல்லாரும் காசு வாங்குவாங்க, நீங்க என்ன காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க?" அன்றைக்கு பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரம் புரட்டிய பிறகு இப்போது கொஞ்சம் சொல்ல முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் லண்டனில் வெம்ப்ளியில் குடியிருக்கிறேன். ஈலிங் ரோட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் கூரைகளுக்கு மேலே அந்த ஸ்டேடியத்தின் வெள்ளை வளைவு தெரியும். இங்கிலாந்து கால்பந்து அணி ஆடும் இடம், கோப்பை இறுதிப் போட்டிகள் நடக்கும் இடம், பாட்டுக் கச்சேரி நாளில் பஸ் கிடைக்காத இடம், எனக்கு அவ்வளவுதான் தெரியும். டாட்டன்ஹாம் அணி தன் மைதானத்தைக் கட்டி முடிக்கும்வரை சில காலம் இங்கே வாடகைக்கு இருந்தது. இந்த இடத்துக்கென்று சொந்தமாக, வாரா வாரம் சொந்த ஊர்க்காரர்கள் வந்து கத்துகிற மாதிரி ஓர் அணி இருந்ததா என்று நான் யோசித்ததே இல்லை. இருந்திருக்கிறது. கால்பந்து இல்லை, மோட்டார் சைக்கிள். வியாழக்கிழமை ராத்திரி என்றால் வெம்ப்ளிக்காரர்களுக்கு லயன்ஸ்தான். பழைய சாமான் சந்தை ஒன்றில் சிங்கம் போட்ட சின்ன எனாமல் பேட்ஜ் ஒன்றைப் பார்த்தேன், கீழே வருஷம் பொறித்த குட்டிக் கம்பிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. அந்த வருஷம் ரசிகர் மன்றத்தில் சந்தா கட்டினால் அந்த வருஷத்துக் கம்பி ஒன்று சேருமாம். பேட்ஜுக்குக் கேட்ட விலை என் கைக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்ததுதான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நீள்வட்டமான கரித்தூள் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடதுபக்கத் திருப்பம். வண்டி 500 சிசி, ஒரே சிலிண்டர், மெத்தனாலில் ஓடும், ஒரே ஒரு கியர், பிரேக் கிடையாது. ஆமாம், பிரேக்கே கிடையாது. திருப்பத்தில் பின்சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்கவிட்டு, இடது காலில் மாட்டிய இரும்புத் தகட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டு, வண்டியைக் குறுக்காகச் சறுக்கியே திருப்புவார்கள். ஒரு ஓட்டம் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஓர் அணிக்கு ஓர் ஓட்டத்தில் இரண்டு பேர் என்பதால் கூட்டாளியோடு சேர்ந்து அடுத்த அணிக்காரனை அடைத்துவிட்டு வருவது தனி வித்தை. பிரிட்டனில் இது பெரிய அளவில் கிளம்பியது 1928 பிப்ரவரியில், எப்பிங் காட்டுப் பக்கம் ஹை பீச் என்ற இடத்தில். அடுத்த வருஷமே வெம்ப்ளியில் அணி வந்துவிட்டது.

சரி, பொருளுக்கு வருவோம்.

பேக்கிங் சுமார். அட்டைப்பெட்டி ஒரு மூலையில் கிழிந்து வந்தது, உள்ளே நல்லவேளையாக பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். திறந்ததும் பரணில் கிடந்த வாசம். இது குறை இல்லை, எழுபது எண்பது வருஷப் பேப்பர் வேறெப்படி இருக்கும், ஆனால் மூக்கு அடைக்கிறவர்கள் வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டுப் புரட்டுங்கள் (லண்டனில் வெயில் எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்). நடுவில் அடித்த பின் எல்லாவற்றிலும் துருப்பிடித்து, பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. 1946, 47 பிரதிகளின் காகிதம் மெலிசு, போருக்குப் பிறகு காகிதத்துக்கே ரேஷன் இருந்த காலம் அது. திருப்பும்போது விரலை நனைத்துக்கொண்டு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அடக்கிக்கொள்ளவும்.

ஒரு 1947 பிரதியில் நடுத்தாளே இல்லை. விற்றவர் எல்லாம் முழுசு என்று எழுதியிருந்தார். நடுத்தாள்தானே என்று விட முடியாது, ஓட்டப் பட்டியல் அங்கேதான் இருக்கும், அது இல்லாத புரோகிராம் மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. எழுதிக் கேட்டேன், மன்னிப்பும் 4 பவுண்டும் திரும்பி வந்தது. அந்தத் தொகைக்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

இனி முக்கியமான விஷயம். இந்தச் சந்தையில் எல்லோரும் "எழுதப்படாத பிரதி" என்று தனியாகக் குறிப்பிட்டு அதற்கு விலை கூட வைப்பார்கள். எனக்கு வந்த கட்டில் 1951-ஐச் சேர்ந்த இரண்டு அப்படி, பளிச்சென்று, யாரும் தொடாத மாதிரி. மிச்சத்துக்கு "பென்சில் கிறுக்கல் உண்டு" என்று விற்றவர் தலையைச் சொறிந்துகொண்டே எழுதியிருந்தார். நானும் ஏலம் கேட்கும்போது அதையெல்லாம் கழிவு என்றுதான் நினைத்தேன். வந்த பிறகு நடந்தது நேர்மாறு. அந்த இரண்டு சுத்தமான பிரதிகளையும் கால் மணியில் படித்து மூடிவிட்டேன். கிறுக்கியவற்றில் இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் எளிது. புரோகிராமில் அச்சடித்திருப்பது நடக்கப்போவது மட்டும்: ஓட்ட எண், நான்கு பெயர், யாருக்கு எந்த நிற ஹெல்மெட், பக்கத்தில் காலிக் கட்டம். நடந்தது என்ன என்பதை மடியில் புரோகிராமை வைத்துக்கொண்டு பார்க்கிறவரே நிரப்ப வேண்டும். அப்போது ஒரு லீக் போட்டிக்கு 14 ஓட்டம், ஓர் ஓட்டத்துக்கு 6 புள்ளி, ஆக மொத்தம் 84. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் கூட்டிக்கொண்டே போகலாம். கிரிக்கெட் ஸ்கோரை ரேடியோவில் கேட்டு நோட்டில் எழுதி வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

என் கையில் இருக்கும் இரண்டு 1946 பிரதிகளிலும் ஒரே கையெழுத்து. சாய்ந்த, கவனமான எழுத்து, கணக்கு வாத்தியார் எழுத்து மாதிரி. நேரத்தை தசமப் புள்ளி வைத்து எழுதுகிறார். சொந்த அணி விழுந்தால் ஒரு சின்னப் புள்ளி மட்டும், எதிரணி விழுந்தால் பெரிய பெருக்கல் குறி, மனசாட்சி அவ்வளவுதான். ஒன்றில் ஒன்பதாவது ஓட்டத்தில் 3, 2 என்று எழுதி, அழித்து, மாற்றி எழுதியிருக்கிறார், நடுவர் முடிவை மாற்றினாரா இவர்தான் தப்பாகப் பார்த்தாரா தெரியாது. அந்த இடத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துப் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பின்னட்டையில் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு: இரண்டு தேநீர், ஒரு பன், பஸ். அந்த ராத்திரி அவர் தனியாக வரவில்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

அந்த 1946-ல்தான் லயன்ஸின் பெரிய காலம் ஆரம்பிக்கிறது. போர் முடிந்து லீக் மறுபடி கிளம்பியபோது மேல்பிரிவில் ஆறே அணிகள்: வெம்ப்ளி, பெல் வ்யூ, பிராட்ஃபோர்ட், வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், நியூ கிராஸ். ரைடர்களைத் தரம் பிரித்து அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். போருக்கு முன் மான்செஸ்டரின் பெல் வ்யூவுக்கு ஓட்டிய பில் கிச்சன் அப்படித்தான் வெம்ப்ளிக்கு வந்து சேர்ந்தார், அணித் தலைவரும் ஆனார். (கேப்டன் பெயர் கிச்சன் என்று சொன்னதும் வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.) டாமி பிரைஸ், ஜார்ஜ் வில்க்ஸ், பாப் வெல்ஸ் என்று சுற்றிலும் நல்ல ஆட்கள். அந்த வருஷமே லீக் கோப்பை. அடுத்த வருஷமும் அதே. 1948 மட்டும் நியூ கிராஸுக்குப் போனது. அந்த வருஷம் ஒலிம்பிக்ஸுக்காக மைதானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, சொந்த ஊர்ப் போட்டிகளில் சிலவற்றை லயன்ஸ் விம்பிள்டனில் போய் ஓட்ட வேண்டியிருந்தது. அப்புறம் 1949 தொடங்கி 1953 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து லீக் வெம்ப்ளிக்குத்தான். எட்டு வருஷத்தில் ஏழு. போருக்கு முன்பும் 1930, 31-ல் தெற்கு லீக், 1932-ல் தேசிய லீக் என்று மூன்று உண்டு. சாதாரண லீக் போட்டிக்கே 50,000 பேருக்கு மேல் வந்த வாரங்கள் இருந்தன. வாரநாள் ராத்திரி, வேலை முடிந்து, பிரேக் இல்லாத வண்டியைப் பார்க்க.

கட்டிலேயே விலை கூடிய பிரதி 1949 உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. இது ஒன்றுக்காகவே நான் ஏலத்தில் மேலே மேலே போனேன், அதை ஒளிக்கவில்லை. அணிப் போட்டி இல்லை, 16 ரைடர்கள், 20 ஓட்டம், ஆளுக்கு ஐந்து முறை. 93,000 பேர் வந்திருந்தார்கள். 1936, 37, 38 என்று மூன்று இறுதிப் போட்டிகளும் இதே வெம்ப்ளியில் நடந்து, ஓர் ஆஸ்திரேலியர், ஓர் அமெரிக்கர், மறுபடி ஓர் ஆஸ்திரேலியர் என்று பட்டத்தைக் கொண்டுபோய், 1939 இறுதி போரால் நின்றே போய், பதினொரு வருஷம் கழித்துத் திரும்ப நடக்கிற இரவு. இந்தப் பிரதியை நிரப்பியவர் வேறு ஆள், குண்டு குண்டான எழுத்து, அவசரக்காரர். சில பெயர்களுக்கு எதிரே இரண்டு ஓட்டத்துக்குப் பிறகு கட்டமே காலி, அவர்கள் தேறமாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டார் போல. டாமி பிரைஸ் வரியை மட்டும் விடவில்லை. முதல் 3 மெலிசாக. இரண்டாவது 3 கொஞ்சம் அழுத்தமாக. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது 3-ஐ எழுதும்போது பென்சில் முனை பேப்பரைக் குத்தி மறுபக்கம் போய்விட்டது. பக்கத்தில் 15 என்று எழுதி இரண்டு வட்டம். தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தால் அந்த ஓட்டை இப்போதும் தட்டுப்படுகிறது. பிரைஸ் ஐந்திலும் ஜெயித்து 15, ஜாக் பார்க்கர் 14, லூயி லாசன் 13. இங்கிலாந்துக்காரர் ஒருவர் உலகச் சாம்பியன் ஆனது அதுதான் முதல் முறை, அதுவும் சொந்த ஊர் அணிக்காரர், சொந்த ஊர் மைதானத்தில்.

"எழுதப்படாத பிரதி"யில் அந்த ஓட்டை கிடைக்காது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

1950 பிரதி லீக் போட்டியுடையது. அந்த வருஷ உலகப் பட்டமும் வெம்ப்ளி ஆளுக்கே, ஃப்ரெடி வில்லியம்ஸ், 14 புள்ளி. வேல்ஸில் போர்ட் டால்பட் ஊர்க்காரர், போர்ட்ஸ்மத் கப்பல்கட்டுத் தளத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். மேலாளர் அலெக் ஜாக்சன் ரை ஹவுஸ் பாதையில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி நடத்தினார், அங்கே தேறி வந்தவர். காசு கொடுத்துப் பெரிய ரைடர்களை வாங்குவது மட்டும் இல்லாமல் இப்படி வளர்த்தும் எடுத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வில்லியம்ஸ் 1953-லும் மறுபடி ஜெயித்தார், அதுவும் 14 புள்ளியில். அப்போது இரண்டாவது வந்த ஸ்ப்ளிட் வாட்டர்மன், லயன்ஸில் ஆரம்பித்து அப்புறம் ஹாரிங்கேவுக்கு விற்கப்பட்ட பழைய தோழர்.

போருக்கு முந்திய காலத்துப் புரோகிராம் என் கட்டில் ஒன்றுகூட இல்லை, அது ஒரு குறை. 1936 இறுதிப் போட்டியுடைய பிரதி கிடைத்தால் அலமாரியை விற்றாவது வாங்கலாம் என்று தோன்றுகிறது (இதை வீட்டில் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்). அந்தப் போட்டிக் கதை நம் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அது இன்டர்னல் மார்க் விவகாரம். 74,000 பேர் முன்னால் ப்ளூயி வில்கின்சன் என்ற ஆஸ்திரேலியர் ஐந்து ஓட்டத்திலும் ஜெயித்தார், 15-க்கு 15. ஆனால் அதற்கு முன்னாலேயே நடந்த சுற்றுகளில் எடுத்ததை வைத்து போனஸ் புள்ளி போட்டுக் கூட்டினார்கள். அவருக்கு போனஸ் 10, ஆக 25. லயன்ஸ் ஆள் லயனல் வான் பிராக் அன்றைக்கு 14-தான், ஆனால் போனஸ் 12, ஆக 26. எரிக் லாங்டனுக்கு 13-ம் 13-ம் சேர்ந்து அதே 26. தோற்கவே தோற்காத மனுஷன் மூன்றாவது இடத்தில் நிற்க, மற்ற இருவரும் தனியாக ஒரு ஓட்டம் ஓடி வான் பிராக் முதல் உலகச் சாம்பியன் ஆனார். வில்கின்சன் இரண்டு வருஷம் கழித்து 1938-ல் பட்டத்தை எடுத்துவிட்டார் என்பதால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. வான் பிராக் போரில் விமானப்படையில் சேர்ந்து, 1942-ல் விமானம் சுடப்பட்டுக் கடலில் விழுந்தபோது தோழர்களைக் காப்பாற்றியதற்காக ஜார்ஜ் மெடல் வாங்கினார். இந்த ஒரு ஆளுக்கே தனிப் புத்தகம் போடலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு பெரிய அணி ஏன் காணாமல் போனது? 1953 பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். பார்க்க எந்தக் குறையும் இல்லை. வழவழ காகிதம், நல்ல அச்சு, விளம்பரம் எல்லாம் இருக்கிறது. அந்த வருஷமும் கோப்பை அவர்களுக்கே. ஆனால் அந்த சீசன் நடுவிலேயே நியூ கிராஸ் கடையை மூடிவிட்டது. 1954 முடிவில் ஹாரிங்கே போனது, 1955 முடிவில் வெஸ்ட் ஹாம். பக்கத்து ஊர் எதிரி இல்லாமல் போனால் பாதிக் கூட்டம் போன மாதிரி. மதுரைக்காரனுக்குத் திருநெல்வேலியோடு பந்தயம் என்றால் வருகிற கூட்டம் முகம் தெரியாத ஊரோடு என்றால் வராது. இதோடு கேளிக்கை வரி வேறு, டிக்கெட் காசில் பெரும் பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வீட்டு வீட்டுக்கு டிவி வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை ராத்திரி குளிரில் கரித்தூள் சாப்பிடுவதற்குப் பதில் நாற்காலியில் உட்காரலாம் என்று ஆகிவிட்டது.

ஆனாலும் லயன்ஸ் நின்றது ஒரே ஆளால் என்றுதான் எனக்குப் படுகிறது, விழுந்ததும் அவரால்தான். ஆர்தர் எல்வின். 1924-ல் வெம்ப்ளியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியில் சிகரெட் கடையில் வேலை பார்த்தவர். கண்காட்சி முடிந்து எல்லாக் கட்டடத்தையும் இடித்துத் தள்ளும் காலத்தில் அந்தப் பழைய சாமானை வாங்கி விற்றுக் காசு சேர்த்து, 1927-ல் இடிபட இருந்த ஸ்டேடியத்தையே எடுத்துக்கொண்டார். நாய்ப் பந்தயம் கொண்டுவந்தார், 1929-ல் ஸ்பீட்வே கொண்டுவந்தார், ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரரை நடத்தக் கூட்டிவந்தார், பிற்காலத்தில் சர் பட்டமும் வாங்கினார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெரிய கால்பந்துப் போட்டியை வைத்து அவ்வளவு பெரிய இடத்தை நடத்த முடியாது, வாராவாரம் டிக்கெட் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்ட வியாபாரி. ஆனால் வெறும் வியாபாரம் என்றால் 1954, 55-லேயே இழுத்து மூடியிருப்பார். அவருக்கு இது பிடித்திருந்தது. 1957 பிப்ரவரியில், சீசன் ஆரம்பிப்பதற்கு முன், கடல் பயணம் ஒன்றில் அவர் இறந்தார். அந்த வருஷம் லயன்ஸ் களத்தில் இறங்கவே இல்லை. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கிறவரைக்கும் வாடகைக்கு இருக்கலாம், அவர் போய் அடுத்தவர் சாவியை வாங்கினால் நம் சாமான் தெருவுக்கு வரும். லண்டனில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டுக்குள் எனக்கு அதிகம் எதிர்பார்ப்பு இல்லாமல் வந்தது அந்த 1970 பிரதி. படம் பளபளவென்று, எழுத்து அந்தக் காலத்து ஸ்டைலில், ஒரு சினிமாப் பத்திரிகை போல. பதின்மூன்று வருஷம் கழித்து டிரெவர் ரெட்மண்ட், பெர்னார்ட் காட்ரெல் என்ற இரண்டு பேர் சேர்ந்து ஸ்காட்லாந்தில் இருந்த கோட்பிரிட்ஜ் அணியின் உரிமத்தை எடுத்துக்கொண்டு வந்து வெம்ப்ளி லயன்ஸ் என்ற பெயரை மறுபடி உயிர்ப்பித்தார்கள். ரெட்மண்ட் பழைய லயன்ஸ் ரைடர்தான். பெர்ட் ஹார்கின்ஸ் கேப்டன். ஐந்து முறை உலகச் சாம்பியனான ஓவே ஃபுண்டின் பெயரும் அந்த வருஷ அணியில் உண்டு. இந்தப் பிரதியை நிரப்பியவர் பேனாவில் எழுதியிருக்கிறார், நீல மை, மழை பட்டு ஒரு பக்கம் முழுக்க ஊறிப்போய்விட்டது. 14 இல்லை, 13 ஓட்டம்தான் இப்போது, மொத்தம் 78. அவர் பதினொன்றோடு நிறுத்திவிட்டார். கடைசி ரயிலுக்கு ஓடினாரா, மழையில் போதும் என்று ஆகிவிட்டதா, மை தீர்ந்ததா, எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் புது லயன்ஸும் நிலைக்கவில்லை. 1970, 71 என்று இரண்டே சீசன். கால்பந்துக்கு நடுவில் தேதி கிடைக்கவில்லை. உலக இறுதிப் போட்டி மட்டும் எப்போதாவது இங்கே வந்துகொண்டிருந்தது, 1981-ல் அதுவும் கடைசி. இரட்டைக் கோபுரம் வைத்த அந்தப் பழைய ஸ்டேடியம் 2000-ல் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, 2007-ல் இப்போதைய வளைவு வந்தது. இன்று அந்தப் பக்கம் நடந்தால் எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பும் காபிக் கடையும்தான். போன ஞாயிறு 1946 புரோகிராமைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன், எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. பாப்கார்ன் வாசம் அடித்தது. மெத்தனால் வாசமும் ஆமணக்கெண்ணெய் வாசமும் கலந்துதான் ஸ்பீட்வே மணக்கும் என்று பழைய ரசிகர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் எரிகிற வாசம் நமக்குத் தெரியாததா என்ன.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 64 பவுண்ட் அந்த 1949 இறுதிப் போட்டிப் பிரதி இருந்ததால்தான் நியாயம், அது இல்லாத சாதாரணக் கட்டுக்கு அதில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வாங்கும் முன் நடுத்தாள் படம் கேட்டு வாங்குங்கள், நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன். துருப்பிடித்த பின்னை நீங்களே பிடுங்கப் பார்க்காதீர்கள், தாளோடு வரும், ஒன்றில் எனக்கு வந்துவிட்டது. முதலீடாக நினைத்து வாங்குகிறவர்கள் வேறு இடம் பாருங்கள், இதைத் தேடுகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். எனக்கு ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று அந்த 1947 நடுத்தாளுக்கும் பெட்டி மூலைக்கும்.

கடைசியாக ஒன்று. அந்த 1951 பிரதிகள் இரண்டும் பளிச்சென்று, யாரும் ஒரு கோடுகூடக் கிழிக்காமல் இருக்கின்றன, சேகரிப்பவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். என்னிடம் அவற்றுக்கு வேலை இல்லை. யாராவது நன்றாகக் கிறுக்கிய 1951 வைத்திருந்தால், முக்கியமாக அழித்து எழுதியது இருந்தால், இரண்டையும் கொடுத்து அந்த ஒன்றை வாங்கிக்கொள்கிறேன். தபால் செலவு என்னுடையது.